தூதருக்குத் தெரிந்த பாஷை

எங்கள் கட்டடத்தில் அவருக்குத் தூதர் என்று பெயர். நேரில் அண்ணா, முதுகுக்குப் பின்னால் தூதர். எந்த அரசாங்கமும் அவரை அனுப்பி வைக்கவில்லை. குழாய், வாஷ்பேசின், குளியல் தொட்டி விற்கும் ஒரு பெரிய கடையின் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை பார்த்தார். சரக்கு வந்தால் இறக்கி அடுக்க வேண்டும், ஆர்டர் வந்தால் எடுத்து லாரியில் ஏற்ற வேண்டும். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அந்த நாட்டோடு பேசுவதற்கு இருந்த ஒரே வாய் அவருடையதுதான். அதனால் அந்தப் பட்டம். வைத்தது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை.

அந்த நாட்டுப் பாஷை எங்கள் யாருக்கும் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, நாங்கள் அதன் பக்கமே போகவில்லை என்பதுதான் சரி. ஆபீசில் இங்கிலீஷ் போதும், வீட்டில் தமிழ் போதும். நடுவில் இருக்கிற கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீட்டு ஓனர், இங்கெல்லாம் இங்கிலீஷ் எடுபடாது, அதற்கெல்லாம் தூதர் இருந்தார். போனே மொழிபெயர்த்துச் சொல்லும் காலம் இல்லை அது. போன் என்றால் பேசலாம், அவ்வளவுதான்.

குட்டையான மனிதர், தொப்பை உண்டு. காதில் எப்போதும் ஒரு பென்சில். கூப்பிட்ட குரலுக்கு வருவார். புதிதாக வந்து இறங்குகிறவர்களை ஏர்போர்ட்டில் போய்க் கூட்டி வருவார். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, வாடகை பேசி, கட்டிலை மாடிக்குத் தூக்கிப் போட்டு, கடைசியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். என் வீட்டில் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டபோது பிளம்பருக்குக் காத்திருக்காமல் முழங்கை வரை கையை விட்டு எடுத்தவர். பிறகு அதே கையால் டீ டம்ளரை வாங்கினார். நடுவில் கழுவினார் என்றுதான் நம்புகிறேன்.

சொந்த ஊரில் என்றால் ஒரு கஷ்டத்துக்கு மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு என்று நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் வேலையைக் கெடுப்பார்கள். அங்கே எங்களுக்கு நாலு பேரும் அவர்தான், கெடுக்கிறவரும் சேர்த்து. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் மொழிபெயர்ப்பதைப் பார்க்க வேண்டும். வீட்டு ஓனர் வாசலில் நின்று கையை ஆட்டி, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். தூதர் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஓனர் சிரித்தால் சிரிப்பார், முகம் கறுத்தால் அவரும் முகத்தை அப்படி வைத்துக்கொள்வார். இடையிடையே அவர்கள் பாஷையில் “சரி, சரி” என்பார். எல்லாம் முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்ல, தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணச் சொல்றார்” என்பார். அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்டால், “அவங்க பாஷை அப்படி, வளவளன்னு இருக்கும்” என்பார். நாங்கள் அதையும் நம்பினோம்.

அவருடைய மனைவியை நாங்கள் அண்ணி என்போம். யார் வீட்டில் விருந்து என்றாலும் கூடத்தின் நடு நாற்காலி அண்ணிக்குத்தான். “எங்க வீட்டுக்காரர் பேசினா அந்த ஊர்க்காரங்களே வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க” என்று சொல்லும்போது அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தை நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை. எங்களுக்கு அவர் வேண்டியிருந்தது.

கடைசிவரை ஒளித்து வைத்துவிட்டுத் திடீரென்று எடுத்துக் காட்டும் வித்தை எனக்குப் பிடிக்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன். தூதருக்கு அந்தப் பாஷை தெரியாது.

கிடங்குப் பாஷை தெரியும். ஏற்று, இறக்கு, மெதுவா, உடையும், எத்தனை, யார் உடைச்சது, இன்னைக்கு, நாளைக்கு, காலையில, ஏன் சொல்லல. இவற்றோடு லோடு ஏற்றுகிறவர்கள் காலில் தொட்டி விழுந்தால் சொல்லும் சில வார்த்தைகளும் தெரியும். இத்தனையையும் அச்சு அசலாக அந்த ஊர்க்காரரைப் போலவே உச்சரிப்பார். அதில்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். மற்றதெல்லாம் ஊகம். வீட்டு ஓனர் எந்த நாட்டில் இருந்தாலும் ஓனர்தானே, தண்ணீர், வாடகை, ஆணி அடிக்காதே, இதைத் தவிர என்ன பேசிவிடப் போகிறார்? பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வேறென்ன சொல்வார்? ஊகம் பெரும்பாலும் பலித்தது. பலிக்காதபோது, “நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு மாத்திட்டாங்க” என்று அந்த நாட்டின் மேல் பழியைப் போட்டுவிடுவார். என் மகனை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள் என்றார். பையன் போய் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தான். நான் அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டினேன்.

முதலில் அவர் ஏமாற்ற நினைக்கவில்லை என்று அண்ணி பிறகு என்னிடம் சொன்னாள். வந்த புதிதில் யாரோ கூப்பிட்டார்கள், போனார், ஏதோ சமாளித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த முறை தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் கஷ்டமாகிவிட்டது. வருஷம் ஏற ஏற மரியாதையும் ஏறியது, மரியாதை ஏற ஏற அதிலிருந்து இறங்க வழியில்லாமல் போயிற்று.

எங்கள் மாடியிலேயே ஒரு கம்பெனியின் கணக்கரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கல்யாணமான கையோடு வந்து இறங்கியவள் என்பதால் அவளைப் புதுப்பெண் என்றோம். வருஷம் இரண்டு ஓடியும் அவள் புதுப்பெண்தான். வாயாடி, ஆனால் தூதர் அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். ஒருமுறை சாயங்கால வகுப்பில் சேர்ந்து அந்தப் பாஷையைப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். தூதர்தான் தடுத்தார். “உனக்கெதுக்கும்மா அந்தத் தொல்லை? அண்ணன் நான் இருக்கேன்ல.” அவளும் விட்டுவிட்டாள். அண்ணன் சொல்லுக்கு மறுபேச்சு ஏது?

கணக்கர் வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்த சமயம். காலையில் புதுப்பெண் என் கதவைத் தட்டினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து நின்றாள். ராத்திரி முழுக்க வாந்தி என்றாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது. நான் வேறென்ன செய்வேன்? தூதரைக் கூப்பிட்டேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் நீள வராந்தா, இரண்டு பக்கமும் பெஞ்சு, நிற்க இடமில்லை. டாக்டர் ஒரு நடுத்தர வயசு அம்மாள். புதுப்பெண்ணைப் படுக்க வைத்து வயிற்றை ஒரு இடத்தில் அழுத்தினார். அப்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் கையைச் சட்டென்று எடுத்தபோதுதான் அலறினாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். வேகமாக, நீளமாகப் பேசினார். ஓரத்தில் காலியாக இருந்த ஒரு கட்டிலைக் காட்டினார். ஏதோ கேட்டார். தூதர் “சரி, சரி” என்றார். டாக்டர் மறுபடி கேட்டார். தூதர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு டாக்டர் சிரிக்கவில்லை. புருவத்தைத் தூக்கி, குரலையும் தூக்கி, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தூதர் கையை வீட்டுப் பக்கமாக ஆட்டி ஏதோ சொன்னார். டாக்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கி, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

“என்ன அண்ணா சொன்னாங்க?” என்று புதுப்பெண் கேட்டாள்.

“வாயுதான்மா. பயப்பட ஒண்ணுமில்ல. இந்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு வீட்டுல படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.”

அந்த இடத்தை விட்டுக் கிளம்பினால் போதும் என்று இருந்ததாம் அவருக்கு. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். டாக்டர் மாத்திரை எழுதினார், மாத்திரை எழுதினால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம், இந்த வயசில் வயிற்று வலி என்றால் வாயு. வழக்கமான கணக்குத்தான். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. வழியெல்லாம் அவளைக் கேலி செய்துகொண்டு வந்தேன்.

அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தூதர் கிடங்குக்குப் போனார். அங்கே லாரியில் வாஷ்பேசின் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் அந்த ஊர் ஆள். பல வருஷமாகத் தூதரோடு சரக்கு ஏற்றுகிறவர். ஏற்றுகிறவர்கள் மெத்தனமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த லோடு இன்றைக்கே போக வேண்டும் என்று லாரிக்காரர் கத்தினார். இன்றைக்கு, இன்றைக்கு, இன்றைக்கு என்று அந்த ஒரே வார்த்தையைச் சொல்லித் தகரத்தில் தட்டினார்.

தூதருக்குக் கை ஓடவில்லை. டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த வார்த்தையைத்தான். கிடங்கில் நாளெல்லாம் காதில் விழும் வார்த்தை. ஆஸ்பத்திரியிலும் அது காதில் விழத்தான் விழுந்தது. கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். வாயுவுக்கு எந்த டாக்டராவது இன்றைக்கு, இன்றைக்கு என்று அடித்துக்கொள்வாரா? அந்தக் காலிக் கட்டிலை எதற்குக் காட்டினார்? ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. லாரிக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, லாரியோடு எங்கள் கட்டடத்துக்கு வந்துவிட்டார்.

மத்தியானம், புதுப்பெண்ணின் கூடத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடியிருந்தோம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அங்கே எல்லோரும் கூடிவிடுவோம், கஞ்சி ஒரு வீட்டிலிருந்து வரும், தலையணை ஒரு வீட்டிலிருந்து வரும். அண்ணியும் இருந்தாள். புதுப்பெண் சோபாவில் சாய்ந்திருந்தாள். வலி திடீரென்று குறைந்துவிட்டது என்று கொஞ்சம் பேசவும் ஆரம்பித்திருந்தாள். எங்களுக்குச் சந்தோஷம். தூதரின் புகழைத்தான் பாடிக்கொண்டிருந்தோம்.

அவர் உள்ளே வந்து, எதற்கும் இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம், கீழே லாரி நிற்கிறது என்றார். இப்படிச் சுற்றி வளைத்து வேலையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தார்.

“எதுக்கு அண்ணா? நீங்க வாயுன்னு சொன்னீங்க, மாத்திரை போட்டேன், வலி போயிடுச்சு. அங்க போய் யார் அந்த பெஞ்சுல உட்காருறது?” என்றாள் புதுப்பெண்.

அவர் மறுபடி கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்றாள். நாங்களும் அவள் பக்கம்தான் பேசினோம். டாக்டரே அனுப்பிவிட்ட பிறகு மறுபடி போய் நின்றால் சிரிப்பார்கள் என்றேன் நான். அவர் சொன்ன சொல்லையே எடுத்து அவர் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம். அவருடைய கண் அண்ணியிடம் போயிற்று, சுவரில் போயிற்று, கடைசியில் தரையில் நின்றது.

“டாக்டர் சொன்னது எனக்குப் புரியலம்மா” என்றார்.

யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. “டாக்டருங்க பேசுறது யாருக்குத்தான் புரியும்?” என்றாள் ஒருத்தி. “அண்ணனுக்கே புரியலைன்னா அந்த ஊர்க்காரங்களுக்கும் புரிஞ்சிருக்காது” என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள். பொய்யை இத்தனை வருஷம் நம்பினோம். உண்மையை நம்பவைக்க அந்த மனுஷன் படாத பாடு பட வேண்டியிருந்தது.

அவர் போய் டி.வி.யைப் போட்டார். அந்த ஊர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து வாசிக்கிறாள், பின்னால் ஏதோ ஒரு தெருவில் தண்ணீர் ஓடுகிற படம்.

“இவ என்ன சொல்றா? எனக்குத் தெரியாது. மழைன்னு படத்தைப் பார்த்துச் சொல்லலாம். நான் இத்தனை வருஷமா உங்களுக்கு அப்படித்தான் சொன்னேன்.”

படம் மாறியது. கோட்டுப் போட்ட இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டார்கள். “இதுவும் தெரியாது” என்றார். மறுபடி மாறியது. ஒரு பெரிய சுவர், அதன் முன்னால் போலீஸ்காரர்கள். “இதுவும் தெரியாது.” டி.வி.க்குப் பக்கத்தில், ஆசிரியர் எழுப்பி நிறுத்திய பையனைப் போல நின்றுகொண்டு, படம் மாற மாறத் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணி தன் நாற்காலியிலிருந்து எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, அவருக்காகவும் கூசியது, எனக்காகவும் கூசியது. ஒரு நாட்டில் இத்தனை வருஷம் சோறு தின்றுவிட்டு, நோய்க்கு மருந்து கேட்கும் அளவுக்குக்கூட அதன் பேச்சைக் கற்றுக்கொள்ளாமல் எல்லாப் பாரத்தையும் ஒரு ஸ்டோர்கீப்பர் தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

புதுப்பெண்தான் முதலில் பேசினாள். “அப்ப காலையில டாக்டர் என்னதான் அண்ணா சொன்னாங்க?”

“தெரியலம்மா. இன்னைக்குன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல.”

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நெற்றியில் கை வைத்தேன். காலையில் இருந்ததைவிட அதிகமாகச் சுட்டது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. தூக்கிக்கொண்டுதான் படி இறங்கினோம்.

லாரியின் முன்பக்கத்தில் லாரிக்காரருக்குப் பக்கத்தில் நானும் என் மடியில் தலை வைத்துப் புதுப்பெண்ணும். இன்னும் ஒருவர் ஒண்டிக்கொள்ள இடம் இருந்தது. தூதர் ஏறவில்லை. பின்னால் போய் வாஷ்பேசின்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். எங்களோடு உட்கார அவருக்கு முகமில்லை.

இந்த முறை டாக்டரிடம் லாரிக்காரர்தான் பேசினார். டாக்டர் சொல்வதைக் கேட்டு, தூதரிடம் திரும்பி, கிடங்கில் பேசுகிற சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னார். தூதருக்கு எவ்வளவு தெரியும் என்பது இத்தனை வருஷமும் அந்த ஒரு ஆளுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லிச் சிரித்ததும் இல்லை. தூதர் அதை அப்படியே எங்களுக்குச் சொன்னார்.

“உள்ளே ஒரு சின்னக் குழாய். அழுகிப்போச்சு. இப்ப உடைஞ்சிருக்கு. அழுக்குத் தண்ணி எல்லா இடத்துலயும் போயிடுச்சு. திறக்கணும், கழுவணும், மூடணும். நாளைக்கு இல்ல. இப்பவே.”

தள்ளுகட்டிலில் படுத்திருந்த புதுப்பெண், “என் வயித்துல என்ன அண்ணா, பாத்ரூமா கட்டுறாங்க?” என்றாள். குரல் எழும்பவே இல்லை. அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தூதர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். வலி திடீரென்று குறைந்தது குணமானதால் இல்லை, உள்ளே உடைந்ததால்தான் என்பதை லாரிக்காரர் வயிற்றில் கை வைத்துக் காட்டிப் புரிய வைத்தார். அந்த நேரத்தில்தான் நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

லாரிக்காரருக்கு லோடு போக வேண்டும். கிளம்பும்போது தூதர் அவரை நிறுத்தினார். தன் காதைத் தொட்டுக் காட்டினார், தலையைத் தொட்டுக் காட்டினார், கையை விரித்து இல்லை என்று ஆட்டினார். இதை எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். எனக்குப் புரியவில்லை என்பதற்கு உங்கள் பாஷையில் என்ன? லாரிக்காரர் முதலில் சிரிக்கப் போனார், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சின்ன வாக்கியம்தான். எந்தப் பாஷையைப் படிக்கப் போகிறவனுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. தூதர் அதைக் கேட்டு வாங்கி, வராந்தாவில் உட்காராமல் நடந்துகொண்டே, உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் கணக்கர் பையும் கையுமாக ஓடி வந்தார். ஆபரேஷன் நடக்கிறது என்று மட்டும் போனில் சொல்லியிருந்தோம். வந்தவர் நேராகத் தூதரிடம் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க மட்டும் இல்லன்னா அவ கதி என்ன ஆகியிருக்கும் அண்ணா? ஊர்ல எங்க மாமனாருக்குப் போன் பண்ணினேன். உங்க கால்ல விழச் சொன்னார்.”

தூதர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், கணக்கர் விடவில்லை. தூதர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். “தம்பி, ஒரு விஷயம்” என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் கதவு திறந்தது, டாக்டர் வெளியே வந்தார்.

வந்ததும் வேகமாகப் பேச ஆரம்பித்தார். பழக்கம் யாரை விடுகிறது? கணக்கர் தூதரைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த நானும் தூதரைத்தான் பார்த்தேன். தூதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லாரிக்காரர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னார். உச்சரிப்பு அச்சு அசலாக இருந்தது.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். அவரை அடையாளம் தெரிந்துகொண்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, கையால் காட்டிச் சொன்னார். உயிருக்கு ஆபத்து இல்லை. திறந்தோம், கழுவினோம். நிறைய நாள் இங்கேயே படுத்திருக்க வேண்டும். தூதர் துண்டு துண்டாக அதைத் தமிழில் சொன்னார். விட்டுப்போன இடத்தில் அந்த வாக்கியத்தை மறுபடி சொன்னார், டாக்டரும் மறுபடி சொன்னார். கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

டாக்டர் உடனே போய்விடவில்லை. தூதரைப் பார்த்து இன்னொன்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், கோபம்கூட இல்லை. அந்தக் கேள்வியில் தனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை, எல்லாம் கிடங்கில் தினமும் புழங்குவது என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். கேட்டுவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

“என்ன அண்ணா கேட்டாங்க?” என்றார் கணக்கர்.

அந்த வராந்தாவில் எங்கள் மூன்று பேரைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் இல்லை. எங்களில் அந்தப் பாஷை தெரிந்தவர் யாரும் இல்லை. பொண்ணை நல்லா பார்த்துக்கச் சொல்றாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கணக்கர் இன்னும் அவர் கையை விடவில்லை. அதைச் சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட எனக்கு இருந்தது.

“காலையிலேயே இதை ஏன் சொல்லலைன்னு என்னைக் கேட்கிறாங்க தம்பி.”

“எதை அண்ணா?”

“எனக்குப் புரியலைங்கிறதை” என்றார் தூதர்.